கத்திரி விடுமுறை: வீட்டுக்கல்விக் குடும்பம் ஒன்றின் கோடைத் தொடக்கம்

திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே தஞ்சாவூர்ச் சாலையில், காட்டூருக்கும் திருவெறும்பூருக்கும் இடைப்பட்ட ஒரு தெருவில், தம் இரு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பம் ஒன்று வசிக்கிறது. மூத்தவளுக்கு வயது 13, இளையவனுக்கு 9. சித்திரை பிறந்த மறுநாள் முதல் ஜூன் முதல் வாரம் வரை அந்த வீட்டில் தங்கி, நாள்தோறும் கண்டதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்து, அதிலிருந்து இந்த ஆய்வை எழுதுகிறேன். பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விடும்போது, பள்ளிக்கே போகாத பிள்ளைகளின் வீட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் நான் பார்க்க விரும்பியது.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. அந்தப் பிள்ளைகளின் தாய் என் சித்தியின் மகள். பிள்ளைகளுக்கு நான் பெரியம்மா. அரசு உதவிபெறும் பள்ளியொன்றில் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தங்கை தன் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியபோது அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் நானும் ஒருத்தி. இப்போது அந்த எதிர்ப்பு எனக்கு இல்லை. ஆனால் எல்லாக் குடும்பங்களும் இப்படிச் செய்யலாம் என்ற எண்ணமும் இல்லை. ஒரே குடும்பம், ஏழு வாரம், பார்த்தவள் உறவுக்காரி என்ற மூன்று வரம்புகளையும் மனத்தில் வைத்துக்கொண்டே இதைப் படிக்க வேண்டும்.

குடும்பத்தின் பின்னணி

தகப்பனார் துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டையில், கொதிகலன் உதிரிப் பாகங்கள் செய்யும் சிறிய ஃபேப்ரிகேஷன் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறார். தாய் பி.காம். படித்துவிட்டு ஒரு நிறுவனத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவள். மூத்தவள் நான்காம் வகுப்பில் இருந்தபோது, காலை ஏழரை மணியானால் அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். இரண்டு மருத்துவர்கள் பார்த்தும் உடம்பில் குறை ஒன்றும் தென்படவில்லை. சனி, ஞாயிறுகளில் மட்டும் வலி வருவதே இல்லை என்பதைத் தகப்பனார்தான் முதலில் கவனித்தார். வகுப்பில் வாசிக்கும்போது திக்கியதற்காகப் பல நாள் எழுந்து நிற்கவைக்கப்பட்டிருக்கிறாள் என்பது பிறகு மெல்ல மெல்லத் தெரியவந்தது. அந்த ஆண்டின் நடுவிலேயே நிறுத்தினார்கள். ஓராண்டு வீட்டில் வைத்திருந்து வேறு பள்ளியில் சேர்க்கலாம் என்பதுதான் அப்போதைய எண்ணம். தாய் அதற்காகவே வேலையை விட்டாள். ஓராண்டு இரண்டாகி, இரண்டு நான்காகிவிட்டது. இளையவன் யூ.கே.ஜி.யோடு நின்றவன்.

சட்டத்தின் நிலையையும் இங்கே சொல்ல வேண்டும். ஏனென்றால் உறவினர் ஒவ்வொருவரும் முதலில் கேட்பது அதைத்தான். 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. அந்தக் கடமையைச் செய்யாத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அச்சட்டம் கூறவில்லை. வீட்டுக்கல்வி என்ற பெயரையும் அது எடுக்கவில்லை. அனுமதி என்றும் தடை என்றும் அடித்துச் சொல்ல முடியாத இந்த இடைவெளியில்தான் இத்தகைய குடும்பங்கள் வாழ்கின்றன. தேர்வு எழுதுவதற்கு வழி இருக்கிறது. மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், 14 வயது நிறைந்தவர்களைப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்குப் பதிவு செய்துகொள்கிறது. மூத்தவளுக்கு அந்த வயது நெருங்குகிறது என்பதால், இந்தக் கோடை அவளுக்கு மற்றக் கோடைகளைப் போன்றதல்ல.

வெயில் மாற்றிய அட்டவணை

மாசி, பங்குனி வரையில் அந்த வீட்டுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. காலை ஒன்பது முதல் பதினொன்று வரை கணக்கும் மொழிப்பாடமும். பிறகு அவரவர் விருப்பப்படி வாசிப்பு. மாலையில் சமையல், கடை, விளையாட்டு. சித்திரை வெயில் முதலில் உடைத்தது அந்த ஒன்பது மணியைத்தான். மேல்மாடி கட்டாத ஒற்றைத்தள கான்கிரீட் வீடு அது. பகல் முழுவதும் சூடேறிய தளம் இரவு முழுவதும் அதைக் கீழே இறக்கும். உள்ளே படுத்தால் வேர்த்துக் கொட்டுவதால் நால்வரும் மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்து, பாய் விரித்துப் படுத்தார்கள். காற்று வர நள்ளிரவாகும். அதன் பிறகே தூக்கம். ஒன்பது மணிக்கு உட்கார்ந்தாலோ, மின்விசிறி வெந்நீரைப் போல் காற்றைக் கொட்டும் கூடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு குழந்தையால் வகுத்தல் கணக்கில் கருத்தூன்ற முடியவில்லை.

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் தங்கை நேரத்தை மாற்றினாள். காலை ஆறு முதல் எட்டு வரை பாடம். அதற்குப் பின் எழுத்து வேலையே இல்லை. பள்ளியில் இந்த மாற்றத்தைச் செய்யச் சுற்றறிக்கை வர வேண்டும். இவள் மாவு கரைத்துக்கொண்டே செய்தாள். ஆனால் அந்த ஆறு மணிப் பாடத்துக்காக அவள் நாலரைக்கு எழுந்திருந்தாள். நான் குறிப்பேட்டில் முதலில் எழுதியது பிள்ளைகளின் இரண்டு மணி நேரத்தை மட்டுமே. அவளுடைய நாலரை மணி என் கண்ணில் பட ஒரு வாரம் ஆயிற்று.

நிழல் இல்லாத நாள்

அந்த வாரத்தில் நடந்த ஒன்றை விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் வீட்டுக்கல்வி அதன் நல்ல நாளில் எப்படி இருக்கும் என்பதற்கு நான் கண்ட சான்று அதுதான். கடகரேகைக்குத் தெற்கேயுள்ள ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் வந்து நிற்கும். செங்குத்தாக நட்ட பொருளுக்கு அப்போது நிழல் விழாது. திருச்சிக்கு அது ஏப்ரல் 17, 18ஐ ஒட்டி வரும். மூத்தவள் இதைப் படித்துவிட்டு ஒரு வாரமாகவே காத்திருந்தாள்.

தகப்பனார் அன்று மதிய உணவு நேரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டார். பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஓரடி நீளக் குழாய்த் துண்டு ஒன்றைத் தகட்டின் மேல் பற்றவைத்து எடுத்து வந்திருந்தார். அதை மொட்டைமாடியில் வைத்து, ரசமட்டத்தால் தகட்டின் கிடைமட்டத்தையும், மூலைமட்டத்தால் குழாயின் செங்குத்தையும் சரிபார்த்து, தகட்டின் ஒரு பக்கத்துக்கு மட்டும் மடித்த காகிதத்தை அண்டை கொடுத்தார். இளையவன் குழாயின் நிழல்முனையைச் சாக்குக்கட்டியால் தளத்தில் குறித்துக்கொண்டே வந்தான். மணி பன்னிரண்டு ஆயிற்று. எல்லோரும் குனிந்து பார்த்தோம். நிழல் போகவில்லை. குழாயின் மேற்குப் பக்கத்தில், விரல் அகலத்துக்கு அது ஒட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, நீ தப்பான நாளைச் சொல்லிட்ட” என்றான் இளையவன். மூத்தவளுக்கு முகம் வாடிவிட்டது. தங்கை வாய் திறக்கப் போனாள், தகப்பனார் கையமர்த்தினார். அவர்கள் வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். பன்னிரண்டு ஐந்து, பன்னிரண்டு பத்து என்று நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. பன்னிரண்டே கால் ஆனபோது குழாயைச் சுற்றி எந்தப் பக்கமும் கறுப்பு இல்லை. குழாயின் துளை வழியே வெயில் நேராக இறங்கி, தகட்டின் மேல் வட்டமாகக் கிடந்தது.

ஏன் கால் மணி நேரம் தாமதம் என்ற கேள்விக்கு விடை கிடைக்க அன்று மாலை வரை ஆயிற்று. நம் கடிகாரம் காட்டுவது கிழக்குத் தீர்க்கரேகை 82 பாகை 30 கலைக்குரிய நேரம். திருச்சி அதற்கு மேற்கே ஏறத்தாழ 3 பாகை 48 கலை தள்ளி இருக்கிறது. பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் ஆகும். மூத்தவள் நிலவரைபடத்தை விரித்து வைத்து இதைப் பெருக்கிப் பார்த்து, 15 நிமிடம் என்று விடை வந்தபோது எழுந்து போய்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பல ஆண்டு இந்தத் தீர்க்கரேகைக் கணக்கைக் கரும்பலகையில் போட்டவள் நான். ஒரு மாணவி கூட அதற்குப் பின் கடிகாரத்தை அப்படிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. நாற்பத்தைந்து பேர் வகுப்பில் அந்தக் கால் மணி நேரத்தை வெயிலில் காத்திருக்க எனக்கு வழி இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தெரு வீட்டுக்குள் வந்தது

ஏப்ரல் மாதக் கடைசியில் தெருப்பிள்ளைகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு முடிந்தது. அதுவரை பகலில் அந்தத் தெருவில் குழந்தை என்று வெளியே நின்றவன் இளையவன் ஒருவனே. மாலை நாலரைக்குப் பள்ளி வேன் வந்து நிற்கும்போது அவன் வாசற்படியில் காத்திருப்பான். இப்போதோ காலை ஆறரைக்கே கேட்டுக்கு வெளியே மட்டையும் பந்தும் வந்து நின்றன. “வர்றியாடா?” என்ற குரல் கேட்டதும் பென்சில் கீழே விழும்.

மூன்று நாள் தங்கை பொறுத்துக்கொண்டாள். நான்காம் நாள் நடந்த உரையாடலை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்.

“அம்மா, எல்லாருக்கும் லீவு விட்டுட்டாங்க. எனக்கு எப்பம்மா லீவு?”

“உனக்குத்தான் தினமும் ரெண்டு மணி நேரம்தானேடா படிப்பு. மிச்ச நேரமெல்லாம் லீவுதானே.”

“அது லீவு இல்லம்மா. அது சும்மா இருக்கறது.”

ஒன்பது வயதுப் பிள்ளை பார்த்துவிட்ட வேறுபாடு இது. பள்ளிப் பிள்ளைக்குக் கடைசித் தேர்வு என்று ஒரு நாள் உண்டு. அன்று சட்டையில் மை தெளித்துக்கொள்வதும், விடைத்தாள் அட்டையைச் சுழற்றி எறிவதும், புத்தகப்பையைப் பரணில் போடுவதும் உண்டு. விடுமுறை என்பது யாரோ ஒருவர் ‘இன்றோடு முடிந்தது’ என்று அறிவித்த பிறகு கிடைப்பது. இவனுக்கு எதுவும் முடிவதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் நான்காம் வகுப்பை முடித்துவிட்டு ஐந்தாம் வகுப்புக்குப் போகிறான். இவன் சென்ற வாரம் விட்ட இடத்திலிருந்து வகுத்தலைத் தொடர்கிறான். சமயபுரம் சித்திரைத் தேருக்கு வந்த உறவினர்கள், “எத்தனாவது முடிச்சிருக்க?” என்று கேட்டபோது அவன் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்த்ததை நானும் பார்த்தேன்.

மூத்தவளின் நிலை இதற்கு நேர்மாறு. தெருவில் அவள் வயதை ஒட்டிய பெண்கள் மூவர். அவர்களில் ஒருத்தி பத்தாம் வகுப்புக்குப் போகிறவள் என்பதால் கோடையிலும் டியூஷன். ஒருத்தி பாட்டி ஊருக்குப் போய்விட்டாள். இன்னொருத்தியை வீட்டில் வெளியே விடுவதில்லை. தம்பிக்கு நண்பர்களைக் கொண்டுவந்த அதே கோடை, அக்காளிடம் மாலையில் பேச இருந்த துணையையும் எடுத்துக்கொண்டது. வீட்டுக்கல்விப் பிள்ளைகளுக்குப் பழக்கவழக்கம் எப்படி வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள், கேள்வி தவறல்ல. ஆனால் பதிமூன்று வயதுப் பெண்ணின் தனிமைக்குக் காரணம் வீட்டுக்கல்வி மட்டும்தானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. பள்ளிக்குப் போகும் அந்த மூவரும் அந்த மாதம் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

வடகமும் உப்பும்

மே மாதத் தொடக்கத்தில் வடகம் போட்டார்கள். பச்சரிசி மாவில் கூழ் காய்ச்சி, பச்சைமிளகாயும் சீரகமும் அரைத்துச் சேர்த்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, விடிவதற்குள் மாடியில் நனைத்து விரித்த பழைய வேட்டியின் மேல் நாழியால் பிழிய வேண்டும். உப்புப் போடும் பொறுப்பை இளையவன் கேட்டு வாங்கிக்கொண்டான். நாக்கில் வைத்துப் பார்த்து, குழம்புக்குப் போடும் அளவில் சரியாகப் போட்டான். பாட்டி இருந்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பார். கூழில் உப்பு சரியாக இருந்தால் வடகத்தில் கரிக்கும் என்பது எங்கள் வீடுகளில் வாய்ப்பாடு. தங்கைக்கும் அது தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டாள்.

இரண்டாம் நாள் வேட்டியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்து, மூன்றாம் நாளும் காயவைத்து, பொரித்து வாயில் போட்டால் கரிப்பு தாங்க முடியவில்லை. அவன் கண் கலங்கிவிட்டது. “நான் சரியாத்தாம்மா போட்டேன்.” தங்கை அப்போதுதான் தராசை எடுத்து வந்தாள். மீதியிருந்த மாவில் கூழ் காய்ச்சி அறுநூறு கிராம் நிறுத்துத் தனித்தட்டில் ஊற்றிக் காயவைத்தார்கள். காய்ந்த பின் நிறுத்தால் நூறு கிராமுக்குச் சற்றே மேல். நீர் போயிற்று, உப்பு போகவில்லை. ஆறு பங்கு கூழில் பரவியிருந்த உப்பு அத்தனையும் ஒரு பங்கு வடகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது என்பதை அவன் தானே சொன்னான். அடுத்த முறைக்கு எவ்வளவு போடலாம் என்று கேட்டதற்கு, “ஆறில் ஒரு பங்கு போட்டா கூழ் சப்புன்னு இருக்கும், ஆனா வடகம் சரியா இருக்கும்” என்றான்.

இதைப் பார்த்து நான் மகிழ்ந்தேன். அன்றிரவு தங்கை மாடியில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொன்னதைக் கேட்ட பின் அந்த மகிழ்ச்சி முழுதாக நிற்கவில்லை.

“அக்கா, ஒரு வடகம் கூட வடகமா போட முடியலக்கா. எதைத் தொட்டாலும் இதுல என்ன பாடம் இருக்குன்னே மனசு ஓடுது. வாழைக்காய் நறுக்கினா பின்னம், பஸ்ஸுல போனா வேகம். எனக்கே அலுப்பா இருக்கு. ஆனா விட்டா நான் தப்பு பண்ற மாதிரி இருக்கு.”

மறுநாள் காலையில் குறிப்பேட்டின் ஒரு புதிய பக்கத்தில், பிள்ளைகள் “அம்மா” என்று கூப்பிடும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பத்தரை மணிக்குள் அந்தப் பக்கம் நிறைந்துவிட்டது. அவற்றில் பாதிக்கு மேல் பாடத்தோடு தொடர்பில்லாதவை. துண்டைக் காணோம், தம்பி அடிக்கிறான், தண்ணீர் வரவில்லை. பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கும் இந்தக் கோடைக்காலக் கூப்பாடு உண்டு. ஆனால் அவளுக்கு அது ஐந்து வாரம். இவளுக்கு நான்கு ஆண்டாக ஒரு நாளும் விட்டுப்போகவில்லை. போதாததற்கு, எதிர்வீட்டு அம்மா வந்து, “நீங்கதான் வீட்ல சொல்லிக்கொடுக்கறீங்களே, எங்க பாப்பாவுக்கும் ஒரு மாசம் கணக்கு எடுங்க, பணம் தர்றேன்” என்று கேட்டார். நல்ல எண்ணத்தில் கேட்டதுதான். தங்கை மறுக்கத் தெரியாமல் ஒரு வாரம் எடுத்துவிட்டு, பிறகு உடம்பு முடியவில்லை என்று நிறுத்தினாள். அது பொய்யும் அல்ல.

இந்த ஆய்வில் நான் கண்ட முக்கியமான செய்தி இங்கேதான் இருக்கிறது. வீட்டுக்கல்வியைப் பற்றி எழுதுகிறவர்கள், வாழ்க்கையே பாடம், பாடத்துக்கு மணியடிப்பதும் விடுமுறை விடுவதும் தேவையில்லை என்பார்கள். அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் 1970களில் ‘அன்ஸ்கூலிங்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த காலம் முதல் இந்தக் கருத்து வலுவாகவே பேசப்படுகிறது. குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் அதில் உண்மை உண்டு. நிழலும் உப்பும் அதற்குச் சான்று. ஆனால் தாயின் பக்கம் நின்று பார்த்தால், எல்லா நேரமும் பாடமாக இருப்பது எல்லா நேரமும் பணியில் இருப்பதாகிவிடுகிறது. ஆசிரியைக்கு விடுமுறை உண்டு. சமையற்காரருக்கு வார ஓய்வு உண்டு. இரண்டும் தானேயாகி நிற்கும் இவளுக்கு இல்லை. பையன் கேட்ட ‘எனக்கு எப்போது லீவு’ என்ற கேள்வி உண்மையில் அந்த வீட்டில் இருவருடைய கேள்வி. அவன் வாய்விட்டுக் கேட்டான், அவள் கேட்கவில்லை.

ஆண்டுக் கேள்வி

ஒவ்வொரு கோடையிலும் பள்ளிச் சேர்க்கை நடக்கும் நாட்களில், ஜூனில் பள்ளிக்குப் போக விருப்பமா என்று பிள்ளைகள் இருவரையும் தனித்தனியே கேட்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். தகப்பனார் விதித்த நிபந்தனை அது. விருப்பம் என்றால் சேர்த்துவிட வேண்டும், வாதாடக் கூடாது. சென்ற மூன்று ஆண்டும் இருவரும் வேண்டாம் என்றார்கள். இம்முறை இளையவன் போகிறேன் என்றான்.

அன்று இரவு அந்த வீட்டில் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. தங்கை தன்னிடம் ஏதோ குறை என்றே எடுத்துக்கொண்டாள். மறுநாள் தகப்பனார் அவனைப் பைக்கில் உட்காரவைத்துக் காவிரிப் பக்கம் அழைத்துப் போனார். மணல் திட்டுகளுக்கு நடுவே வாய்க்கால் போல் தண்ணீர் ஓடும் பருவம் அது. திரும்பி வந்து அவர் சொன்னது இதுதான்: “பள்ளிக்கூடத்துல என்ன பிடிச்சிருக்குன்னு கேட்டேன். லீவு விடுவாங்கன்னான். வேற என்னன்னேன். வேன்ல சன்னல் ஓரம்னான்.”

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விடை அல்ல அது. தகப்பனாரும் சிரிக்கவில்லை. வீட்டில் உண்மையான விடுமுறை ஒன்றை முதலில் கொடுத்துப் பார்ப்போம், மே மாதக் கடைசியில் மறுபடி கேட்போம், அப்போதும் போகிறேன் என்றால் சேர்ப்போம் என்று மூவருமாக முடிவு செய்தார்கள். தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் யார் அறிவிப்பது என்ற சிக்கலை மூத்தவள் தீர்த்தாள். சுவரில் மாட்டிய தினசரி காலண்டரில் மே 4 தாளில் ‘அக்னி நட்சத்திரம் ஆரம்பம்’ என்றும், மே 28 தாளில் ‘அக்னி நட்சத்திரம் நிவர்த்தி’ என்றும் அச்சாகியிருந்தது. அம்மாவும் சொல்ல வேண்டாம், அப்பாவும் சொல்ல வேண்டாம்; காலண்டர் சொல்லட்டும் என்றாள். வடகம் போட்டது கத்திரி பிறப்பதற்கு முந்தைய நாட்களில். முடிவு எடுத்தபோது கத்திரி பிறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. இருந்த நாட்கள் போதும் என்று அன்றே தொடங்கினார்கள். இளையவன் தன் கணக்கு நோட்டையும் வாய்ப்பாட்டையும் துணிப்பையில் போட்டுக் கட்டி, நாற்காலி போட்டு ஏறிப் பரணில் வைத்தான். இறங்கி வந்து கைகளைத் தட்டிக்கொண்ட விதத்தில் ஒரு பெரிய மனிதனின் நிறைவு இருந்தது.

விடுமுறை நாட்கள்

விதி ஒன்றே ஒன்று: அந்த நாட்களில் யாரும் யாருக்கும் எதையும் கற்பிக்கக் கூடாது. கடைப்பிடிக்க மிகவும் பாடுபட்டவள் தங்கைதான். நுங்கு வாங்கி வந்த அன்று, ஒரு காயில் மூன்று கண் ஏன் என்று விளக்க வாயெடுத்தவள், வாயை மூடிக்கொண்டு நுங்கைத் தின்றாள்.

மூன்றாம் நாள் நான் அவளை வற்புறுத்தி, புதுக்கோட்டைப் பக்கம் உள்ள என் வீட்டுக்கு நான்கு நாள் அழைத்துப் போனேன். இரண்டு நாள் அவள் தூங்கினாள் என்பதைத் தவிர எழுத ஒன்றுமில்லை. தகப்பனார் பட்டறையில் விடுப்புப் போட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டார். தயிர்ச் சாதமும் மாம்பழமுமாக நான்கு நாள் ஓடியிருக்கிறது; செந்தூரா, பங்கனபள்ளி என்று காந்தி மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்து, அண்டாத் தண்ணீரில் மிதக்கவிட்டு, தெருப்பிள்ளைகளையும் கூட்டிவைத்துத் தின்றிருக்கிறார்கள். நான்காம் நாள் தொலைபேசியில் அவர் தங்கையிடம், “நீ தினமும் இத்தனை தடவை எழுந்திருக்கிறியா?” என்று கேட்டார். எண்ணிக்கைக் கோடுகள் நிறைந்த என் குறிப்பேட்டுப் பக்கத்தை அவருக்குக் காட்ட வேண்டிய தேவை பிறகு எழவில்லை.

மூத்தவள் விடுமுறையிலும் ஒன்றை விடவில்லை. நாளிதழில் வரும் மேட்டூர் அணை நீர்மட்டத்தை ஜனவரி முதலே அவள் வரைபடத் தாளில் புள்ளியிட்டு வருகிறாள். முழு உயரம் 120 அடி என்று தாளின் உச்சியில் சிவப்புக் கோடு. ஜூன் 12 என்ற இடத்தில் செங்குத்தாக நீலக் கோடு, டெல்டாப் பாசனத்துக்கு வழக்கமாக அணை திறக்கும் நாள். இது கற்பித்தல் ஆகாதா என்று தம்பி முறையிட்டான். தனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தானே செய்கிறேன் என்றாள் அவள். வழக்கு அவள் பக்கமே தீர்ந்தது.

திறந்தநிலைப் பள்ளித் தேர்வுக்கான பாடத் தெரிவும் அந்த நாட்களில்தான் முடிவாயிற்று. ஒரு மொழியாவது இடம்பெறும்படி ஐந்து பாடங்கள் எடுக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல் என்ற நான்கில் கருத்துவேறுபாடு இல்லை. ஐந்தாவதாகச் சமூக அறிவியல் எடுக்கச் சொன்னார் தாத்தா. ஓவியம் வேண்டும் என்றாள் அவள். அந்த நிறுவனத்தில் ஓவியமும் முழுப்பாடமாகவே உண்டு. கணிதமும் அறிவியலும் கையில் இருக்கும் வரை மேற்படிப்புக்கான வாசல் அடைபடாது என்ற அளவில் மட்டும் நான் கருத்துச் சொன்னேன். ஓவியமே எழுதப்பட்டது. ஐந்தாண்டுக்குள் ஒவ்வொரு பாடமாகவும் எழுதி முடிக்கலாம் என்ற வசதி, வாசிக்கத் திக்கியதற்காக நின்ற அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அவள் விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில் பார்த்தேன். இப்போது அவள் உரக்க வாசித்தால் திக்குவதில்லை என்று எழுத ஆசைதான், அது உண்மையல்ல. புதியவர் முன்னால் திக்குகிறது. தம்பிக்குக் கதை வாசிக்கும்போது இல்லை.

நிவர்த்திக்குப் பிறகு

மே 29 காலையில் பை பரணிலிருந்து இறங்கியது. முதல் இரண்டு நாள் வகுத்தல் மறந்துபோயிருந்தது. மீதியை எங்கே வைப்பது என்பதே நினைவில்லாமல் அவன் திணறினான். தங்கைக்குப் பழைய பதற்றம் வந்துவிட்டது. நான்காம் நாள் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தான். விடுமுறையால் கணக்கில் கிடைத்தது ஒன்றுமில்லை, இழந்தது மூன்று நாள் என்பதே என் குறிப்பு. நன்மை கணக்கில் அல்ல, தாயிடம் இருந்தது. நாலரைக்கு எழுந்துகொண்டிருந்தவள் இப்போது ஐந்தரைக்கு எழுகிறாள். காலைச் சிற்றுண்டி வாரம் மூன்று நாள் தகப்பனார் பொறுப்பு. ஞாயிறு முழுவதும், கத்திரியில் போட்ட அதே விதி.

பள்ளி பற்றிய கேள்வி மறுபடி கேட்கப்பட்டது. இளையவன் உடனே விடை சொல்லவில்லை. ஒரு நாள் நேரம் கேட்டான். பிறகு, இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பு வயது நெருங்கும்போது பார்க்கலாம் என்றான். அவன் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த கோடையில் அவன் போகக்கூடும் என்றே நினைக்கிறேன். அதற்காக அவன் வகுத்தலைவிட வாசிப்பில் வேகம் கூட்ட வேண்டியிருக்கும் என்று தங்கையிடம் சொல்லியும் வைத்திருக்கிறேன்.

பள்ளி திறந்த அன்று எட்டரை மணிக்குத் தெரு வெறிச்சோடியது. வேன் புறப்படும் வரை அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே வந்ததும் காலண்டரின் அடியில் உள்ள தாள்களை விரலால் புரட்டிக்கொண்டே கேட்டான்.

“பெரியம்மா, ஸ்கூல்ல காலாண்டு லீவு எப்ப விடுவாங்க?”

செப்டம்பர் கடைசியில் என்றேன். அவன் அந்தத் தாளைத் தேடி எடுத்து, காதில் செருகியிருந்த பென்சிலால் அதன் ஓரத்தில் எழுதினான்: ‘எனக்கும் அம்மாவுக்கும் லீவு.’